கோது சும்மா இல்லை

நூறு கிலோ நீலக்கால் நண்டு அவிந்து வந்தால்
சதை இருபத்தைந்து. நல்ல கையென்றால் முப்பது.
சதை ஐஸ் பெட்டிக்குள் ஏறிக் கட்டுநாயக்கா போகும்.
கோது எங்களோடு இருக்கும்.

பாசையூரில் சோளகம் எழும்பினால்
அது கேட்காமல் வீட்டுக்குள் வரும், கட்டிலில் ஏறும்,
பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளையின்
சட்டைக் கொலருக்குள்ளால் எட்டிப் பார்க்கும்.
லான்ட்மாஸ்டர்காரன் இருட்டில் கொண்டுபோய்
கண்டலுக்குள் கொட்டுவான்.
விடிய, காகம் காட்டிக்கொடுக்கும்.
பி.எச்.ஐ. வருவார், எழுதுவார், போவார்.
எழுதின கடதாசிக்கு மணமில்லை.

றொசலின் அக்கா சீட்டுக் காசில் மூன்று நீலப் பரல் வாங்கினாள்.
ஏ.எல். கெமிஸ்ட்ரியில் ஒரு எஸ் எடுத்தவள்;
முப்பது வருஷம் கழித்து அந்த எஸ்ஸைத்
தேடி எடுத்துத் தூசி தட்டினாள்.

அமிலத்துக்குள் போட்டால் கோது சீறும்.
ஆயுள் முழுக்கப் பிடித்துவைத்த மூச்சை
நுரை நுரையாய் விடும்.
பிறகு நனைந்த கடதாசிபோலத் துவண்டு கிடக்கும்.
பிறகு காரம். கையுறைக்குள்ளும் விரல் சுடும்.
பிறகு கழுவு, கழுவு, கழுவு.

முதல் பரல் தலைமயிர் கருகின மாதிரி நாறியது.
இரண்டாவதை மழை கொண்டுபோனது.
மூன்றாவது, பழைய வலையில் விரித்துக் காயவைத்தது,
வெள்ளையாய், அவல்போல.
யூட்டின் சின்னவள் வாயில் போட்டுத் துப்பினாள்.

ஒரு கோப்பை விநாகிரிக்குள்
ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினோம்.
இருந்தது. இருந்தது.
இல்லாமல் போனது.
காணாமல் போவதுதான் வெற்றி என்று
அவள் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

உரும்பிராயில் இருந்து வெங்காயக்காரர் ஒருவர் வந்தார்.
செம்மண்ணில் வேர்முடிச்சுப் புழுவாம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு படலையில் நின்றவர்
இடித்த தூளை உள்ளங்கையில் வாங்கி மணந்து பார்த்தார்.
"மணக்கேல்லையே" என்றார், ஏமாந்த மாதிரி.
கிணற்றுக் கலங்கல் தெளியவும் ஒரு போத்தல் கேட்டார்.
அந்தக் கிணற்றில் எங்கட ஆக்கள்
வாளி போடாத காலம் ஒன்று இருந்தது.
றொசலின் அக்கா அதைப் பேசவில்லை.
போத்தலுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்னாள்.
தந்தார்.

கொழும்பில் இருந்து வந்தவன் சப்பாத்தைக் கழற்றவில்லை.
வெள்ளைச் சில்லுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இதிலை பண்டேஜ் செய்யலாம் அக்கா,
காயத்திலை வைச்சா ரத்தம் நிக்கும்."

கிளாலிக் கடலில், நிலவில்லாத இரவில்
அவளின் தம்பி வள்ளத்துக்குள்ளேயே வெளிறிப் போனான்.
கரை வரும்வரை
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தவள் இவள்.
மீன்பிடி வள்ளம் அது.
வலையில் இருந்து கழன்ற கோது
அடிப்பலகையில் எங்கும் கிடந்திருக்கும்.
காலில் குத்தியும் இருக்கும்.

தேத்தண்ணி ஆறிப்போனது.
"கிலோ என்ன விலைக்கு எடுப்பியள்?" என்றாள் கடைசியில்.

இப்போது ஆறு பரல். நாலு பெண்கள்.
லான்ட்மாஸ்டர்காரன் பகலில் வருகிறான், ஹோன் அடித்து.
அமிலத் தண்ணியையும் காரத் தண்ணியையும்
ஒன்றாய் ஊற்றினால் உப்புத் தண்ணியாம்;
கணக்குச் சரிவராத நாளில் புல் கருகுகிறது.
அது இன்னும் தீராத சங்கதி.

முந்தநாள் கம்பனி மனேச்சர் ஸ்டீபன்ராஜ் வந்தார்.
ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு
"இனிமேல் கோது சும்மா இல்லை,
கிலோவுக்கு எட்டு ரூபாய்" என்றார்.

றொசலின் அக்கா கையுறையை உதறினாள்.
"அப்ப, இவ்வளவு வருஷமும் தந்த நாத்தத்துக்கு
நாங்கள் எவ்வளவு தரவேணும்?
அதையும் சேர்த்து ஒரு பில் போடுங்கோ."

அவர் ஃபைலைத் திறந்தார்,
உண்மையிலேயே அதில் எங்கோ இருக்கும் என்பதுபோல.